ஆள் சரியில்லையா, இடம் சரியில்லையா?



நமது சங்கக் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் ஜி.எஸ்.டி., லைசென்ஸ், ஆன்லைன் கம்பெனிகளின் போட்டி எல்லாவற்றையும் பேசி முடித்துக் காபி குடிக்கும் நேரத்தில் ஒரு பேச்சு தவறாமல் வரும். "கடைக்கு நல்ல ஆளே கிடைப்பதில்லை" என்று ஒருவர் ஆரம்பிப்பார். சுற்றி நிற்கிற ஐந்தாறு பேர் தலையாட்டுவார்கள். நாற்பது வருடமாகப் பருப்பு மண்டி நடத்தும் நானும் அவர்களோடு சேர்ந்து தலையாட்டியவன்தான். அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை என்பது எனக்குக் கிரிக்கெட் பார்த்துத்தான் புரிந்தது.

வணிகர் இதழில் கிரிக்கெட்டா என்று ஆசிரியரே கேட்டார். மண்டியில் டி.வி. வைத்த நாளிலிருந்து கல்லாவில் உட்கார்ந்தபடியே ஆட்டம் பார்க்கிறவன் நான். பேட்டிங், பவுலிங் நுணுக்கம் எல்லாம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு பயிற்சியாளர் தன்னிடம் உள்ள ஆட்களை எந்த இடத்தில் நிறுத்துகிறார், அதனால் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வியாபாரிக்குக் கண் உண்டு. அதை மட்டும் எழுதுகிறேன். கிரிக்கெட் பார்க்காதவர்களும் படிக்கும்படி எழுத முயல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் பயிற்சி கொடுப்பவர் மட்டையைப் பிடிக்கச் சொல்லித் தருவார். நாட்டுக்காக ஆடும் அணியின் பயிற்சியாளருக்கு அந்த வேலை அதிகம் இல்லை. அங்கே வருகிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே தேர்ந்தவர்கள். எந்த ஆட்டக்காரர் எந்த இடத்தில் இறங்கினால் அவரிடம் உள்ள சரக்கு விலை போகும் என்று பார்ப்பதுதான் அவருக்குப் பெரிய வேலை. கடைசி வார்த்தை கேப்டனுடையது. பயிற்சியாளர் யோசனை சொல்லுவார். முதலாளியும் பழைய கணக்குப்பிள்ளையும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டிங் வரிசை என்பது வெறும் பெயர்ப்பட்டியல் இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வேலை உண்டு. முதலில் இறங்கும் இரண்டு பேர் புதுப் பந்தைச் சந்திக்க வேண்டும். புதுப் பந்து கெட்டியாக இருக்கும், தையல் எழும்பி நிற்கும், காற்றில் வளையும். மூன்றாவது ஆள் முதல் ஓவரிலேயே இறங்க நேரிடலாம், நூறு ரன் ஆன பிறகும் இறங்கலாம். இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும். ஆறாவது ஆளுக்கு வேறு ஒரு கஷ்டம். பந்து பழசாகியிருக்கும், அது வசதிதான். ஆனால் எதிர்ப்பக்கம் துணைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பந்து வீச்சாளர்கள். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட, இவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் தனியாக நிற்பார்.

2001 மார்ச்சில் கல்கத்தா ஈடன் கார்டனில் நடந்தது இதுதான். ஸ்டீவ் வாவின் ஆஸ்திரேலியா தொடர்ந்து 16 டெஸ்டுகளில் ஜெயித்துவிட்டு வந்திருந்தது. அந்தப் பதினாறாவது வெற்றியே பம்பாயில் நம்மை மூன்றே நாளில் பத்து விக்கெட்டில் தோற்கடித்து வாங்கியதுதான். கல்கத்தாவில் அவர்கள் 445 ரன் எடுத்தார்கள். நாம் 171க்குச் சுருண்டோம். அந்த 171ல் 59 ரன், ஆறாவது ஆளாக இறங்கிய வி.வி.எஸ். லட்சுமணனுடையது. கடைசியாக அவுட்டானவரும் அவர்தான். எதிர்ப்பக்கம் ஆள் தீர்ந்துபோயிற்று.

274 ரன் பின்தங்கியதால் ஸ்டீவ் வா நம்மையே மறுபடி ஆடச் சொன்னார். 'பாலோ ஆன்' என்பது அதுதான். லட்சுமணன் உடை மாற்றும் அறைக்குத் திரும்பியபோது பயிற்சியாளர் ஜான் ரைட் அவரிடம், காலில் கட்டிய பேடைக் கழற்ற வேண்டாம், இந்த முறை மூன்றாவது ஆளாக நீதான் இறங்குகிறாய் என்று சொன்னார். ரைட் நியூசிலாந்துக்காரர், தன் காலத்தில் அந்த அணிக்குத் துவக்க ஆட்டக்காரராகவும் கேப்டனாகவும் இருந்தவர். நம் அணிக்குப் பயிற்சியாளராக வந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கேப்டன் கங்குலி அந்த மாற்றத்துக்குச் சம்மதித்தார்.

மூன்றாம் இடம் காலி இடமாக இருக்கவில்லை. அது ராகுல் டிராவிட் வழக்கமாக ஆடும் இடம். அந்தத் தொடரில் அவருக்கு ரன் வரவில்லை. அவரை வெளியே உட்கார வைக்கவில்லை, ஆறாம் இடத்துக்கு இறக்கினார்கள். இரண்டு பெயர்கள் இடம் மாறின, அவ்வளவுதான். புது ஆள் யாரும் வரவில்லை, ஒருவருக்கும் ஒரு புதுப் பாடமும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். நம் சென்னைப் பையன் சடகோபன் ரமேஷ் 30 ரன்னில் அவுட்டானதும், 52 ரன்னுக்கு ஒரு விக்கெட் என்ற நிலையில் லட்சுமணன் உள்ளே போனார். இப்போது அவருக்கு முன்னால் நேரம் இருந்தது, பின்னால் ஆட்களும் இருந்தார்கள். ஷேன் வார்ன் தோண்டப்பட்ட மண்ணில் போட்ட பந்துகளை, அது திரும்பும் திசைக்கு எதிராகவே இரண்டு பக்கமும் அடித்தார். 232 ரன்னுக்கு நான்காவது விக்கெட் விழுந்தபோது டிராவிட் வந்தார். நான்காம் நாள் முழுவதும் இரண்டு பேரும் அவுட்டாகவே இல்லை. அந்த ஒரு நாளில் மட்டும் 335 ரன். அன்று எங்கள் மண்டியில் மூட்டை இறக்க வந்த லாரிக்காரர்கள்கூட டி.வி.யை விட்டு நகரவில்லை, நானும் அவர்களை விரட்டவில்லை.

லட்சுமணன் 281, டிராவிட் 180, இருவரும் சேர்ந்து 376. 1983ல் நம் சேப்பாக்கத்தில் கவாஸ்கர் எடுத்த 236தான் அதுவரை இந்தியர் ஒருவரின் அதிகபட்சம், அதையும் லட்சுமணன் தாண்டினார். கடைசி நாள் ஆஸ்திரேலியா 212க்கு ஆட்டமிழக்க, 171 ரன்னில் ஜெயித்தோம். கும்ப்ளேக்குத் தோளில் அடி என்பதால் உள்ளே வந்த ஹர்பஜன் சிங் அந்த ஆட்டத்தில் 13 விக்கெட், அடுத்த வாரம் சென்னையில் 15 விக்கெட் எடுத்தார். அது ஒரு தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இதே லட்சுமணனை அதற்கு முன் சில வருடங்கள் துவக்க ஆட்டக்காரராக இறக்கிப் பார்த்தார்கள். நடுவரிசையில் இடமில்லை, அதனால் மேலே போ என்றார்கள். 2000 ஜனவரியில் சிட்னியில் 167 அடித்தார் என்றாலும், மொத்தத்தில் அந்த இடம் அவருக்கு ஒத்துவரவில்லை. இனி துவக்கத்தில் ஆட மாட்டேன் என்று அவரே முடிவெடுத்தார். அணிக்கு எந்த இடம் காலியோ அங்கே ஆளைத் தள்ளினால் ஒரு விதம். ஆளுக்கு எந்த இடம் பொருந்துமோ அதைத் தேடிக் கொடுத்தால் வேறு விதம். நம்மில் பெரும்பாலோர் முதல் வழியில்தான் ஆள் வைக்கிறோம். நான் அப்படித்தான் வைத்தேன்.

1994ல் என் அக்கா மகன் பத்தாவது முடித்துவிட்டு எங்கள் மண்டிக்கு வந்தான். வீட்டுப் பையன், கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று சிட்டை எழுதுகிற இடத்தில் உட்கார வைத்தேன். 78 என்பதை 87 என்று எழுதுவான். கூட்டலில் தப்பு வரும். ஒரு தடவை இரண்டு மூட்டை துவரம்பருப்பைக் கணக்கில் விட்டே விட்டான். ராத்திரி கடை சாத்திய பிறகும் அவனை உட்கார வைத்து, பழைய பேரேட்டை எடுத்துக் கொடுத்துக் கூட்டச் சொன்னேன். பயிற்சி என்றால் அதுதான் என்று நினைத்தேன்.

ஆனால் சரக்கு எடுக்க வருகிற கிராமத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் அவனைத் தேடிக்கொண்டு போவார்கள். யார் கடையில் எது ஓடும், யார் செவ்வாய்க்கிழமை பணம் தருவார், யார் வீட்டில் கல்யாணம் என்று அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். எனக்கு அது வெட்டிப் பேச்சாகத் தெரிந்தது. ஒரு நாள் நாலு வாடிக்கையாளர் முன்னால், "வாயை மூடிக்கிட்டுக் கணக்கை எழுதுடா" என்று சத்தம் போட்டேன். எட்டு மாதத்தில் போய்விட்டான். வேறு ஒரு மண்டிக்காரர் அவனை லைனுக்கு அனுப்பி ஆர்டர் எடுக்க வைத்தார். இரண்டு வருடத்துக்குள் என் கிராமத்து வாடிக்கையாளர்களில் ஆறு பேர் அவரிடம் சரக்கு எடுக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அவன் வேறு ஊரில் சொந்தமாக ஏஜென்சி நடத்துகிறான். கல்யாண வீடுகளில் பார்த்தால் மரியாதையாகப் பேசுவான். "என்மேல் கோபமா மாப்பிள்ளை?" என்று ஒரு தடவை கேட்டேன். "உங்ககிட்டதானே மாமா தொழில் கத்துக்கிட்டேன்" என்றான். அந்தப் பதில் எனக்குச் சந்தோஷத்தைக் கொடுக்கவில்லை.

மறுபடி கிரிக்கெட்டுக்கு வருகிறேன். இடத்தை மாற்றினால் மட்டும் போதாது என்பதற்கு வீரேந்தர் ஷேவாக் உதாரணம். 2001 நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் தன் முதல் டெஸ்டில் ஆறாவது ஆளாக இறங்கி 105 அடித்தவர் அவர். ஆனால் நடுவரிசையில் டிராவிட், டெண்டுல்கர், கங்குலி, லட்சுமணன் என்று நாலு பேர் இருந்தார்கள். ஐந்தாவது ஆளுக்கு அங்கே நிரந்தர இடமில்லை. துவக்கத்தில்தான் ஆள் தேவைப்பட்டது. 2002ல் இங்கிலாந்துக்குப் போனபோது அவரைத் துவக்கத்தில் இறக்குவது என்று முடிவானது.

மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் லட்சுமணனுக்குச் செய்த அதே காரியம்தான். வித்தியாசம் இரண்டு. ஒன்று, அந்த இடம் இவருக்குப் பொருந்தியது. ஷேவாக் காலை அதிகம் நகர்த்த மாட்டார், புதுப் பந்தில் மாட்டிக்கொள்வார் என்று விமர்சகர்கள் சொன்னார்கள். ஆனால் புதுப் பந்து மட்டைக்கு வேகமாக வரும். விக்கெட் எடுக்க வேண்டும் என்று எதிரணி நாலைந்து பேரைக் கீப்பர் பக்கத்தில் நிறுத்தியிருப்பதால் மைதானத்தில் மற்ற இடமெல்லாம் காலியாகக் கிடக்கும். கையும் கண்ணும் வேகமாக உள்ளவனுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆறாவது இடத்தில் இறங்கினால் அதே ஷாட்டுக்கு எல்லைக்கோட்டில் ஆள் நிற்பான்.

இரண்டாவது வித்தியாசம், வாக்குறுதி. துவக்கத்தில் சரியாக ஆடாவிட்டாலும் உடனே வெளியே அனுப்ப மாட்டோம், நடுவரிசையில் மறுபடி வாய்ப்புக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் வேறு முடிவு என்று கங்குலி உறுதி கொடுத்ததாக ஷேவாக் பிற்பாடு சொல்லியிருக்கிறார். லார்ட்ஸில் 84, அடுத்த டெஸ்டில் நாட்டிங்காமில் 106. கடைசியில் 104 டெஸ்டில் எட்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் ரன். 2004ல் முல்தானில் 309, 2008ல் நம் சேப்பாக்கத்தில் 319, இரண்டுமே துவக்க ஆட்டக்காரராக. அவர் காலை நகர்த்தாமல் ஆடியது கடைசி வரை அப்படியேதான் இருந்தது.

புது இடத்தில் ஆளை வைத்துவிட்டு முதல் வாரத்திலேயே கணக்குக் கேட்பது நம் வழக்கம். அப்படிக் கேட்டால் அவன் வேலையைச் செய்யமாட்டான், தப்பில்லாமல் நாளைக் கடத்தத்தான் பார்ப்பான்.

எதை வைத்துக் கணக்குக் கேட்பது என்பதும் ஒரு விஷயம். இதற்கு இலங்கையைப் பார்க்க வேண்டும். 1996 உலகக் கோப்பையில் முதல் 15 ஓவருக்கு வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம் என்று விதி இருந்தது. மற்ற அணிகள் பெரும்பாலும் அந்த நேரத்தில் விக்கெட்டைக் காப்பாற்றிக்கொண்டு கடைசியில் அடிப்பதையே வழக்கமாக வைத்திருந்தன. இலங்கைப் பயிற்சியாளர் டேவ் வாட்மோரும் கேப்டன் அர்ஜுன ரணதுங்காவும் ஜெயசூர்யாவையும் விக்கெட் கீப்பர் கலுவிதாரணாவையும் துவக்கத்தில் அனுப்பி, முதல் பந்திலிருந்தே தூக்கி அடிக்கச் சொன்னார்கள். ஜெயசூர்யா பந்து வீசும் ஆளாகத்தான் பெரும்பாலும் அணியில் இருந்தவர். கலுவிதாரணா கீழே ஆடியவர். மார்ச் 2ம் தேதி டெல்லியில் நாம் டெண்டுல்கரின் 137 ரன்னோடு 271 எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். அவர்கள் முதல் மூன்று ஓவரிலேயே 42 அடித்துவிட்டார்கள்.

அந்த உலகக் கோப்பை முழுவதிலும் ஆறு ஆட்டத்தில் கலுவிதாரணா எடுத்த மொத்த ரன் 73. பேரேட்டைப் பார்க்கிற முதலாளியாக இருந்தால் மூன்றாவது ஆட்டத்திலேயே அவரை நிறுத்தியிருப்பார். அவர்கள் நிறுத்தவில்லை. ஏனென்றால் அவருக்குக் கொடுத்த வேலை ரன் சேர்ப்பது இல்லை. எதிரணியின் நல்ல பந்து வீச்சாளரைத் தடுமாற வைப்பது. அவர் சீக்கிரம் போய்விட்டால் தாங்குவதற்குப் பின்னால் குருசின்ஹாவையும் அரவிந்த டி சில்வாவையும் வைத்திருந்தார்கள். கல்கத்தா அரையிறுதியில் ஸ்ரீநாத் முதல் ஓவரிலேயே இரண்டு துவக்க ஆட்டக்காரர்களையும் எடுத்தார். அரவிந்தா வந்து 47 பந்தில் 66 அடித்தார். லாகூர் இறுதியாட்டத்திலும் 23 ரன்னுக்கு இரண்டு பேரும் போய்விட்டார்கள். குருசின்ஹா 65, அரவிந்தா 107. கோப்பை இலங்கைக்குப் போனது. கலுவிதாரணா மாதிரி ஒருவனை வைக்கிறவர் குருசின்ஹா மாதிரி ஒருவனையும் வைத்துக்கொள்ள வேண்டும். லைனுக்குத் துணிச்சலான பையனை அனுப்பிவிட்டு, பாக்கியைக் கவனிக்கக் கண்டிப்பான ஆள் இல்லாமல் மூடிய மண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

எல்லாம் சுகமாக முடியும் என்று சொல்ல மாட்டேன். 2003 உலகக் கோப்பைக்கு ரைட்டும் கங்குலியும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். டிராவிடையே விக்கெட் கீப்பராக நிறுத்தினால் ஏழாவதாக ஒரு பேட்ஸ்மேனைச் சேர்க்கலாம். உள்ளங்கை வீங்கும் வேலை அது, டிராவிட் செய்தார். மொத்தத்தில் 73 ஒருநாள் ஆட்டங்களில் கீப்பராக நின்றிருக்கிறார். அணி இறுதியாட்டம் வரை போய் ஆஸ்திரேலியாவிடம் 125 ரன்னில் தோற்றது. ஆனால் அந்த ஏற்பாட்டுக்காக முழுநேரக் கீப்பர் வெளியே உட்கார வேண்டியிருந்தது. அதோடு, இரண்டு வருடத்துக்கு முன் கல்கத்தாவில் 281 அடித்த லட்சுமணனுக்கு அந்த உலகக் கோப்பைப் பட்டியலிலேயே இடமில்லை. பந்தும் வீசக்கூடிய தினேஷ் மோங்கியாவை எடுத்தார்கள். லட்சுமணன் அதனால் மனம் நொந்ததை மறைக்கவில்லை. அவர் கடைசி வரை ஒரு உலகக் கோப்பைகூட ஆடவில்லை. இடம் பார்த்துக் கொடுத்த அதே கைதான் இடமில்லை என்றும் சொன்னது. அது சரியா தவறா என்று என்னால் இன்றுவரை முடிவுக்கு வர முடியவில்லை.

சில நேரம் இடத்தை ஆட்டக்காரரே கேட்பார். 2011 ஏப்ரல் 2, பம்பாய் வான்கடே. 275 ரன் தேவை, 114க்கு மூன்று பேர் போயாயிற்று. அடுத்து வர வேண்டியவர் யுவராஜ். அந்தத் தொடர் முழுவதும் வெளுத்து வாங்கியவர். தோனியோ அதுவரை பெரிதாக ஆடவில்லை. ஆனால் பந்து வீசிக்கொண்டிருந்தவர்களில் முரளிதரன் இருந்தார். சென்னை சூப்பர் கிங்ஸ் வலைப்பயிற்சியில் அவரைத் தோனி நிறைய ஆடியிருக்கிறார். எதிர்ப்பக்கம் நின்ற கம்பீர் இடது கைக்காரர், வலது கைக்காரர் சேர்ந்தால் பந்து வீசுகிறவருக்குச் சிரமம். நான் போகிறேன் என்று தோனி கேட்டார். பயிற்சியாளர் கேரி கிர்ஸ்டன் சரி என்றார். ஆட்டமிழக்காமல் 91, கடைசி அடி சிக்ஸர். இங்கே பயிற்சியாளர் செய்தது தலையாட்டியது ஒன்றுதான். அதுவே சிலருக்கு வராது.

எனக்கும் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். என் மகன் பில் போடும் கம்ப்யூட்டரில் நாலு வருடமாக உட்கார்ந்திருக்கிறான். படித்தவன், அதனால் அங்கே உட்கார வைத்தேன். அந்த வேலையில் அவனுக்கு மனசு இல்லை என்பது கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் பருப்பை ஒன்று எடுத்துக் கடித்துப் பார்த்தால் ஈரம் எவ்வளவு, பழசு கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவான், பாதி நேரம் எனக்கு முன்னாலேயே. போன தீபாவளிக்குக் கேட்டான்: "அப்பா, புதுத் துவரை வரும்போது குல்பர்காவுக்குக் கொள்முதலுக்கு நான் போறேன்."

கொள்முதல் என் இடம். முப்பது வருடமாக அகோலா, லாத்தூர், குல்பர்கா என்று நான்தான் போய் வருகிறேன். ஒரு லோடு விலை தப்பினால் போகிற பணம் கொஞ்சமில்லை. இரண்டு வாரம் பதில் சொல்லாமல் இருந்தேன். பிறகு சரி என்றேன். மூன்று லோடு வரைக்கும் லாபமா நஷ்டமா என்று கேட்க மாட்டேன், அதுவரை ராத்திரி போன் போட்டு விலை விசாரிக்கவும் மாட்டேன் என்று அவன் அம்மா முன்னால் சொல்லியிருக்கிறேன். முதல் லோடு வந்துவிட்டது. சரக்கு சுத்தம், விலை நான் கொடுத்திருக்கக்கூடியதைவிடக் கொஞ்சம் அதிகம். கேட்கவில்லை. இன்னும் இரண்டு லோடு இருக்கிறது.

பில் கம்ப்யூட்டரில் இப்போது நான்தான் உட்காருகிறேன். மெதுவாகத்தான் வருகிறது. எங்கள் மண்டிக்கு வருகிற வாடிக்கையாளர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.